அவைக்களத்திற் கட்புலனற்றோர்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணம் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்ற வினாவுக்கு ஈழத்துத் தமிழ் மரபு கூறும் விடை, கட்புலனற்ற ஒருவன் அரசன் முன்னிலையிற் பாடிய கதையாகும். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சோழநாட்டிலிருந்து வந்த பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் மன்னனை யாழிசையால் மகிழ்வித்து, வட இலங்கையின் மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்று உரைக்கின்றது. வரலாற்றாய்வாளர் இதனைச் சான்றாகக் கொள்வதில்லை. 17ஆம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயரை அப்பாணனுக்கு ஏற்றிக் கூறுதல் காலமயக்கம் என்பதும் வெளிப்படை. ஆயினும், ஒரு நாட்டின் பெயர்க்காரணத்தையே கண்ணில்லாதவன் ஒருவனின் அவையரங்கேற்றத்தோடு இணைத்துக் கூறிய சமூகம், அத்தகைய ஒருவன் அவையில் நின்று மதிப்புப் பெறுதலை நம்பத்தகாததாகக் கருதவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்நம்பிக்கைக்கு அடிப்படையாயிருந்த சூழல் யாது? அது எப்பொழுது குலைந்தது? இவ்வினாக்கள், எழுத்தறிவு மிகப் பிந்தியே சென்றடைந்த சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாற்றோடும் தொடர்புடையன.

பழந்தமிழ்க் கல்வி செவிவழிக் கல்வியாகும். ஏடு அரிது, அதனைப் பெயர்த்தெழுதுதல் பெருமுயற்சி. எனவே ஆசிரியர் சொல்ல, மாணாக்கர் கேட்டு நெஞ்சிற் பதித்தலே பாடமுறையாயிற்று. எண்ணையும் எழுத்தையும் கண்ணாக மதித்த வள்ளுவர், கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றொரு தனி அதிகாரம் வகுத்தமையும், நூல் கல்லாதவனுக்கும் கேள்வி ஊன்றாகும் என்ற கருத்தினை அங்கு அமைத்தமையும் தற்செயலானவை அல்ல. அத்தகைய கல்வி மரபிற் கண்ணில்லாமை துன்பமே எனினும் தடையன்று.

இரட்டைப் புலவர் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று. முதுசூரியர் முடவர், இளஞ்சூரியர் குருடர். முன்னவரைப் பின்னவர் தோளிற் சுமந்து ஊர் ஊராகச் சென்றார் என்பதும், ஒருவர் பாட்டின் முற்பகுதியைச் சொல்ல மற்றவர் பிற்பகுதியை நிறைவு செய்தார் என்பதும் மரபுச் செய்தி. தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா முதலிய அவர்தம் நூல்கள் கைக்குக் கிடைக்கின்றன. தோளிற் சுமந்த கதையை வியந்து கூறுவோர், பாட்டைப் பகிர்ந்து பாடிய முறையை அத்துணை ஊன்றி நோக்குவதில்லை. வரலாற்று மாணவனுக்குப் பின்னதே முதன்மையானது. செய்யுள் ஏட்டிலன்றி இருவரது செவிக்கும் நாவுக்கும் இடையே உருவாயிற்று என்பதை அது காட்டுகின்றது.

பொன்விளைந்த களத்தூரிற் பிறந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் ஆகியன அவர் படைப்புகள். முதுகில் எழுத்துக்களை எழுதச் செய்து அவற்றின் வடிவை உணர்ந்தார் எனவும், ஈழம் வந்து பரராசசேகரன் அவையிற் பாடி யானை பரிசிலாகப் பெற்றார் எனவும் கர்ணபரம்பரைச் செய்திகள் உண்டு. பாணன் ஒருவனுக்கும் அவன் மனைவிக்கும் நிகழும் உரையாடலாக அவர் அமைத்த தனிப்பாடல் தமிழ் மாணவர் பலரும் அறிந்தது. யானையைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லையும் கணவன் கூற, மனைவி அதற்கு வேறு பொருள் கொள்கிறாள். வேழம் என்றாற் கரும்பு என்கிறாள். பகடு என்றால் எருது என்கிறாள். அச்சிலே படிப்பவனுக்கு இஃது அகராதி விளையாட்டாகத் தோன்றலாம். அவையிற் கேட்போருக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு பொறியாய் விழுந்து நகையெழுப்பும். அவையோரின் முகத்தைக் காணவியலாத கவிஞர் அவர்தம் நகையொலியைக் கேட்டே தம் பாட்டின் வெற்றியை அறிந்திருப்பார் எனக் கருதுதல் தவறாகாது.

கண்ணுடைய புலவரும் அக்காலத்திற் செய்யுளைத் தம் கையால் எழுதினாரல்லர் என்பதும் நோக்கற்பாலது. 19ஆம் நூற்றாண்டிற் கூட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணச் செய்யுள்களை வாயாற் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். அரங்கேற்றத்தின்போது ஒருவர் வாசிக்க மற்றொருவர் பொருள் விரித்தலும், ஈழத்துக் கோயில்களிற் புராண படனத்தில் வாசிப்பவர் வேறு, பயன் சொல்பவர் வேறு என இருத்தலும் இவ்வகையினவே. வாசிப்பவன் ஒருவன், பேசுபவன் ஒருவன் என்ற பகுப்பு அனைவருக்கும் இயல்பாயிருந்த உலகிற் கட்புலனற்றவன் வாசிப்போனைத் துணைக்கொள்ளுதல் விதிவிலக்காகத் தோன்றவில்லை. தெய்வ அருளால் விளைந்த அற்புதம் என்று இப்புலவர்களைப் போற்றுவோர், இந்த எளிய சமூக ஏற்பாட்டை மறைத்துவிடுகின்றனர்.

இம்மரபின் இறுதிப் பெருமகனார் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836 - 1884) எனலாம். மூன்றாம் வயதில் அம்மை நோயாற் பார்வை இழந்த அவர், ஒருமுறை கேட்டதை மறவாத ஆற்றல் வாய்ந்தவர். இராமநாதபுரச் சமத்தானத்திற் பொன்னுசாமித் தேவர் முதலானோர் முன்னிலையில் விரைந்து கவி பாடிப் புகழெய்தினார். ஈண்டு ஒரு முரண் புலப்படுகின்றது. அதே பொன்னுசாமித் தேவர்தாம் நம் ஆறுமுக நாவலரின் திருக்குறட் பரிமேலழகருரை முதலிய பதிப்புகள் அச்சேறப் பொருளுதவி புரிந்தவர். கேட்ட மாத்திரத்தில் நெஞ்சிற் பதிக்கும் நாவலரையும், பிழையற அச்சிற் பதிக்கும் நாவலரையும் ஒரே வள்ளன்மை தாங்கியது. எதிர்காலம் இரண்டாமவர் பக்கத்திலேயே இருந்தது.

அச்சு பரவியது, அதன்பின் கரும்பலகையும் எழுத்துப் பரீட்சையும் வந்தன. செவிக்குரியதாயிருந்த கல்வி கண்ணுக்குரியதாயிற்று. இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் மிகப் பல. ஏடு எட்டாதிருந்த குலங்களுக்கும் நூல் எட்டியது. ஆனால் கட்புலனற்றவன், தன் ஆற்றலில் எவ்விதக் குறைவும் நேராமலே, அவைக்கு வெளியே நிறுத்தப்பட்டான்.

அவனை மீண்டும் உள்ளே கொணர்ந்த கருவி, பிரான்சு நாட்டு லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட புள்ளியெழுத்து முறையாகும். தமிழ்நாட்டிற் பாளையங்கோட்டையில் 1890இல் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் கல்விப்பணியைத் தொடங்கினார். இலங்கையில் மேரி சாப்மன் அம்மையாரின் முயற்சியால் 1912இல் நிறுவப்பட்ட பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் அமைப்பு 1951இல் உருப்பெற்றது. அவையிற் பேசுவோனுக்கு இவ்வெழுத்து தரும் வாய்ப்பு ஒன்று பலராலும் கவனிக்கப்படாதது. கண்ணுடையவன் குறிப்பை நோக்கத் தலை குனிய வேண்டும். புள்ளியெழுத்தைப் படிப்பவனோ விரல் தாளில் ஊர, முகத்தை அவையோர் பக்கமே வைத்துப் பேசலாம்.

மேனாட்டில் நிக்கலஸ் சாண்டர்சன் என்பார், ஒரு வயதில் அம்மையாற் கண்ணிழந்தவர், 1711 முதல் 1739இல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜிற் கணிதப் பேராசிரியராயிருந்து, ஒளியியலையும் கற்பித்தார். ஊசிகள் செருகிய பலகையே அவரது கணக்கேடு. எகிப்தின் தாஹா ஹுசைன் (1889 - 1973) கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் 1914இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வுப்பொருள் அல்மஅர்ரி என்ற கட்புலனற்ற அரபுக் கவிஞர். பின்னர் விரிவுரையாளராகி, 1950இற் கல்வியமைச்சருமானார். அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டியவர் அவர்தம் மனைவியார். தமிழகத்திலும் திருக்குறள் இராமையா, பார்வை இழந்த நிலையிற் கவனகக் கலையை 20ஆம் நூற்றாண்டு மேடைகளில் நிகழ்த்தினார். மணியோசையை எண்ணுதல், முதுகில் விழும் கற்களைக் கணக்கிடுதல், இடையிடையே கேட்கப்படும் வினாக்களுக்கு விடையிறுத்தல் என அக்கலையின் கூறுகள் பல செவிக்கும் மெய்க்கும் உரியனவாதல் காண்க.

இனிச் சப்ரகமுவவை நோக்குவோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிற் குடியேறிய தமிழர் ஏட்டை அன்றிச் செவிச்செல்வத்தையே உடன் கொணர்ந்தனர். காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, ஒப்பாரி ஆகியவை வாத்தியார் வாயிலிருந்தும் மூதாட்டியர் வாயிலிருந்தும் கேட்டுப் பயிலப்பட்டவை. 1930களில் நடேசையரின் அரசியலைத் தோட்டங்களிற் பரப்பியதில், அவர் மனைவியார் மீனாட்சியம்மாள் பாடிய பாடல்களுக்குப் பெரும் பங்குண்டு. எனவே கண்ணில்லாதவனும் பயின்று நிகழ்த்தத்தக்க சொல்லரங்கு லயத்து முற்றங்களில் இருந்தது. ஆனால் தோட்ட நிருவாகம் மனிதனை அளந்த கோல் வேறு. விடியற்காலைப் பெரட்டுக் களமும் ஓர் அவைதான். அங்கே பெயர் கூப்பிடப்படும்போது விடையிறுப்பதன்றித் தொழிலாளிக்கு வேறு பேச்சில்லை. கொழுந்து பறிக்கவும் பட்டை சீவிப் பால் எடுக்கவும் கண் வேண்டும். செக்ரோலிற் பெயரேறாதவன் எவனாயினும் குடும்பத்துக்குச் சுமையெனவே எண்ணப்பட்டான்.

பாடசாலையும் அவனுக்குத் துணையாகவில்லை. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குமாறு துரைமாரைப் பணித்தது. நடைமுறையில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே பெரும்பாலும் கிட்டின. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி அமைந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனைப் பெறவில்லை. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. அதே காலப்பகுதியில், 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களால் இம்மாகாணத் தமிழ்க் குடும்பங்கள் பல வன்னிக்கு இடம்பெயர்ந்தன. கண்ணுள்ள பிள்ளைக்கே கல்வி நிலைபெறாத சூழலில் விழிப்புலனற்ற பிள்ளையைப் பற்றிச் சிந்திக்க யார் இருந்தனர்? சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் தோட்டமொன்றிலிருந்து இரத்மலானைக்கோ கைதடிக்கோ ஒரு பிள்ளையை அனுப்புதல், தாய்க்கு அன்றைய கூலியை இழப்பதுமாகும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளை ஏற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் தமிழிலும் வந்துவிட்டது. கருத்தரங்கிற் பேசும் மாணவன் ஒரு காதில் தன் குறிப்பைக் கேட்டவாறே அவையோருக்கு உரைக்கலாம்; வரைபடத்தைச் சுட்டி 'இங்கே காண்க' என்று மட்டும் கூறாது, அதிலுள்ளதைச் சொல்லால் விரிக்கும் விரிவுரையாளரிடம் அவன் பாடம் கேட்கவும் இயலும். ஆனால் இவையனைத்தும் பல்கலைக்கழக வாயிலை அடைந்தவனுக்கே உதவுவன. அவ்வாயிலுக்கும் லயத்துக்கும் இடையே, ஆறு வயதிற் பிள்ளையின் விரலைப் பிடித்து முதற் புள்ளியின்மேல் வைக்கும் ஆசிரியர் ஒருவர் தேவைப்படுகிறார்.