வெள்ளை முகத்தில் ஓர் அடிமை



ஒரு மக்களின் துயரக் கதையை யார் சொல்கிறார்கள், யாருடைய முகத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்பது நாம் ஒவ்வொரு நினைவுரை மேடையிலும் எழுப்பிவரும் கேள்வி. அதே கேள்வியை இன்று பிரேசிலை நோக்கி எழுப்புவோம்.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் ஏறத்தாழ 48 லட்சம் பேர் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் இத்தனை பேரை வாங்கிய நாடு வேறில்லை. அடிமைமுறையைக் கடைசியாக ஒழித்த நாடும் அதுதான். 1888 மே 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்டின் டிவி குளோபோ நிறுவனம் 1976 அக்டோபரில் 'அடிமை இசௌரா' என்ற தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. பெர்னார்டோ கிமாரைஸ் 1875இல் எழுதிய நாவலே அதற்கு மூலம். வெள்ளைக் கங்காணிக்கும் கலப்பினத் தாய்க்கும் பிறந்தவள் இசௌரா. வெள்ளைத் தோல், பியானோ வாசிப்பாள், எஜமானியின் அரவணைப்பில் வளர்ந்தவள். புதிய எஜமான் லியோன்சியோ அவளை அடையத் துடிக்கிறான். அவள் தப்பியோடுகிறாள். கடைசியில் அல்வாரோ என்ற செல்வந்தன் லியோன்சியோவின் கடன்களை வாங்கி, அவன் சொத்தைக் கைப்பற்றி அவளை மீட்கிறான். விடுதலை, காதலன் கொடுக்கும் சீதனமாக வந்து சேர்கிறது.

இசௌராவாக நடித்தவர் லூசேலியா சாண்டோஸ் என்ற வெள்ளை நடிகை. பொறாமை பிடித்து அவளுக்குக் கேடு செய்யும் அடிமைப் பெண் ரோசாவாக நடித்தவர் லெயா கார்சியா, கறுப்பின நடிகை. நல்ல அடிமை வெள்ளை, கெட்ட அடிமை கறுப்பு! இது தற்செயல் என்று நம்மால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதே நிறுவனம் 1969இல் 'டாம் மாமாவின் குடிசை' கதையைத் தொடராக்கியபோது, செர்ஜியோ கார்டோசோ என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு டாமாக நடித்தார்.

இசௌரா எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்கப்பட்டாள். கியூபாவில், போலந்தில், சீனாவில், சோவியத் ஒன்றியத்தில் வீடுவீடாக நுழைந்தாள். பிரேசிலை ஒருபோதும் காணாத கோடிக்கணக்கானோருக்கு அந்த நாடும் அதன் அடிமைமுறையும் அவள் முகம் வழியாகவே அறிமுகமாயின. அவர்கள் அழுதது பொய்யல்ல. ஆனால் தங்களைப் போலவே தோற்றமளித்த ஒரு பெண்ணுக்காகத்தான் போலந்தும் ரஷ்யாவும் அழுதன. ரஷ்யர்கள் இத்தொடரிலிருந்து 'ஃபசெண்டா' என்ற சொல்லை எடுத்து, நகருக்கு வெளியே தாங்கள் காய்கறி போடும் சிறு தோட்டத்துக்கு வேடிக்கையாகச் சூட்டினார்கள். அடிமைகளின் முதுகுத்தோல் உரிந்த பண்ணைக்கான பெயர் ஒரு செல்லப்பெயராக மாறியது. திரையில் அந்த முதுகுகள் முதன்மை பெற்றிருந்தால் இந்த வேடிக்கை இவ்வளவு எளிதில் வாய்த்திருக்குமா?

ஏற்றுமதியாகாமல் போனது என்ன? தப்பிய அடிமைகள் காட்டுக்குள் கட்டிய கிலோம்போக் குடியிருப்புகள். 17ஆம் நூற்றாண்டு முழுதும் போர்த்துக்கீசியப் படைகளையும் டச்சுப் படைகளையும் எதிர்த்து நின்ற பால்மாரெஸ். அதன் தலைவர் சும்பி. 1695 நவம்பர் 20இல் கொல்லப்பட்டார். பிரேசிலின் கறுப்பர் இயக்கம் மே 13ஐ ஒதுக்கிவிட்டு இந்த நாளைத் தன் நாளாக எடுத்துக்கொண்டது. கையெழுத்திட்டுத் தரப்பட்ட விடுதலையைவிட, போராடிச் செத்தவரின் நாள் அவர்களுக்குப் பெரிது. இது நமக்குப் புரியாத கணக்கல்ல.

இசௌரா முடியும் தறுவாயில், 1977 ஜனவரியில், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 'ரூட்ஸ்' தொடரைத் தொடர்ந்து எட்டு இரவுகள் காட்டியது. அலெக்ஸ் ஹேலியின் வம்சாவளி ஆய்வு பின்னர் கேள்விக்குள்ளானது உண்மைதான். ஆனாலும் அந்தக் கதை காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தில், பெயரும் மொழியும் குடும்பமும் கொண்ட குந்தா கிந்தே என்ற கறுப்பு இளைஞனிடமிருந்து தொடங்குகிறது. அதுவும் உலகமெங்கும் போனது. அடிமையாக ஆக்கப்படுவதற்கு முன்பே அவன் மனிதன் என்பதைப் பார்வையாளர்கள் முதலில் கண்டார்கள். கறுப்பு நாயகனோடு உலகம் ஒன்றாது என்ற சாக்கு அப்போதே உடைந்துவிட்டது.

1946இல் அண்ணல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பை இளைஞர்கள் பிளாக் பேந்தர்களின் பெயரைத் தழுவி தலித் பேந்தர் என்று அணிதிரண்டார்கள். அந்த உறவு அச்செழுத்தின் வழியே வந்தது. தொலைக்காட்சி வழியே நம் நாட்டிலிருந்து போனது என்ன? 'கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி' தாரி மொழி பேசி ஆப்கானிஸ்தானின் டோலோ தொலைக்காட்சியில் ஓடியபோது, பெருஞ்செல்வரான விரானி குடும்பத்தின் மாளிகையே அங்கு இந்தியாவாகத் தெரிந்தது. 2008இல் அந்நாட்டு அரசு இந்தியத் தொடர்களைத் தடுக்க முனைந்தது. அப்போது எழுந்த சர்ச்சை மதத்தையும் ஒழுக்கத்தையும் பற்றியது. சேரி அந்தச் சர்ச்சையில் இல்லை, தொடரிலும் இல்லை.

பிரேசிலின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கறுப்பர் என்றும் கலப்பினத்தவர் என்றும் பதிந்துகொண்டவர்கள் சேர்ந்து 55 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட மக்களின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு நாடு உலகத்தின் கண்ணீரைச் சம்பாதித்தது. நம் கதையும் ஒருநாள் கடல் கடக்கும். அதில் நம் முகம் இருக்க வேண்டுமானால் எழுதுகோலும் கேமராவும் இப்போதே நம் கைக்கு வர வேண்டும்.