படமும் நாழிகையும்

கை ஒருபுறம் தளர்ந்து, வாய் கோணி, நாக் குழறிய ஒருவரைக் கண்டவுடன் 'பாரிசவாயு' என்பது தமிழ் மக்களின் பழைய வழக்கு. பக்கவாதம் என்பதும் அதுவே. கிரேக்க மருத்துவரோ அதனை 'அடித்து வீழ்த்துவது' என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். இப்பெயர்களெல்லாம் கண்ணுக்குப் புலனாகும் விளைவைச் சொல்லுகின்றனவேயன்றித் தலைக்குள் நிகழ்ந்ததைச் சொல்லவில்லை. எங்ஙனம் சொல்லும்? மண்டையோடு பூட்டிய பெட்டியாயிற்றே.

அப்பெட்டியைத் திறந்து காரணம் தேடியவருள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டுச் சாப்ஹவுசன் நகர மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர். இந்நோயால் இறந்தோரின் தலையை அறுத்து ஆய்ந்து, மூளைக்குள் குருதி கசிந்திருந்ததை 1658ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். மூளைக்குக் குருதி செல்லும் வழி அடைபட்டாலும் நோய் வரும் என்பதும் அவர் கருத்து. ஆகவே நோய் ஒன்று; காரணம் இரண்டு: ஒன்று அடைப்பு, மற்றொன்று கசிவு. புறத்தே பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுள்ளவருக்குக் கொடுத்தால் அது உயிருக்கே உலை வைத்துவிடும். வெப்ஃபர் திறந்து பார்த்தது இறந்தவர் தலையை. உயிருள்ளவர் தலைக்குள் பார்ப்பது எப்படி? இவ்வினாவுக்கு விடை கிடைக்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன.

1895இல் ரோண்ட்கன் கண்ட ஊடுகதிர் எலும்பைக் காட்டிற்று; மூளையைக் காட்டவில்லை. 1918இல் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் டாண்டி மூளையின் உட்குழிகளிலே காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1927இல் போர்ச்சுக்கல் நாட்டு எகாஸ் மோனிஸ் கழுத்துக் குருதிக்குழாயிலே உப்புக் கரைசலைச் செலுத்தி மூளைக்குழாய்களைப் படத்தில் தெரியச் செய்தார். இவை அருஞ்செயல்களே. ஆயினும் நோயாளி பட்ட துன்பமும் அடைந்த இடரும் சிறியன அல்ல. நினைவிழந்து கிடப்பவரை நள்ளிரவில் கொண்டுவந்தால் உடனே செய்யத்தக்க முறைகளாக அவை அமையவில்லை.

விடை வந்தது மருத்துவரிடமிருந்து அன்று. இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரிடமிருந்து. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இதனை ஆசிரியர்கள் சற்று நினைவில் வைப்பது நல்லது. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஊடுகதிரால் துருவி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் கடந்து வந்தது என்று அளந்து, அவ்வெண்களைக் கணிப்பொறியிடம் கொடுத்தால், அப்பொருளை அறுக்காமலே அதன் குறுக்குவெட்டை வரைந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆய்வுக்கூடத்தில் செய்த தொடக்கச் சோதனையில் ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளை எடுக்கவே ஒன்பது நாள் பிடித்தது! மனம் தளரவில்லை அவர். 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டனை அடுத்த விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஜேம்ஸ் அம்புரோசு என்னும் கதிரியல் மருத்துவரின் துணையோடு முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. மூளைக் கட்டி இருக்கலாம் என ஐயுற்ற அப்பெண்ணின் நோய் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இதற்கான கணக்கைத் தனியே ஆராய்ந்து முன்னரே வெளியிட்டிருந்த ஆலன் கோர்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று 'சி.டி. ஸ்கேன்' என மக்கள் வழங்குவது இதுவே.

புதிதாகக் கசிந்த குருதி இப்படத்தில் வெண்மையாகத் தெரியும். அடைப்பாலான கேடோ முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் தெளிவாகத் தோன்றாது. ஆகவே மருத்துவர் முதலில் தேடுவது 'கசிவு இல்லை' என்னும் விடையையே. அடைப்பின் மெல்லிய அறிகுறிகளை ஒழுங்காகப் படிக்க, கனடாவின் கால்கரி நகரத்தார் 2000ஆம் ஆண்டில் ஒரு முறை வகுத்தனர். மூளையின் ஒரு பகுதியைப் பத்துக் கூறாக்கி, கெட்ட கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழிப்பது அது. விடைத்தாள் திருத்துவோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

படம் கிடைத்தும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அதைக் கண்டபின் செய்யத்தக்க மருத்துவம் அடைப்பு நோயாளிகட்கு இல்லை. 1995 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. 624 நோயாளிகள் அதிற் பங்குகொண்டனர். நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றியவருள், ஊனம் சிறிதாகவோ இல்லாமலோ மீண்டவர் தொகை மிகுந்தது. ஆயினும் நோயை மோசமாக்கிய மூளைக் கசிவு, மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 6.4 பேருக்கும், பெறாதவருள் 0.6 பேருக்கும் நேர்ந்தது. கசிவு இல்லை என்று படம் உறுதி சொல்லாமல் இம்மருந்தைத் தொடலாகாது. பின்னர் 2008இல் எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. எல்லை நீண்டதென்று காத்திருக்க இடமில்லை. பெருங்குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சராசரி 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணித்துக் காட்டினார்.

இங்கேதான் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியின் கதை வருகிறது. அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998இல் நோயாளி வாயிலில் நுழைந்தது முதல் மருந்து ஏறும் வரை கழிந்த நேரம், நடு எண்ணாகப் பார்த்தால், 105 நிமிடம். நம் பழங்கணக்கில் நான்கு நாழிகைக்கும் மேல். இயந்திரம் இருந்தது, மருந்து இருந்தது, கற்ற மருத்துவரும் இருந்தனர். நேரம் எங்கே போயிற்று? தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து படமெடுக்கும் அறைக்கும் மாற்றுவதில் போயிற்று. இரத்தச் சோதனை முடிவுக்கும், படம் பற்றிய எழுத்து அறிக்கைக்கும் காத்திருப்பதில் போயிற்று.

அவர்கள் ஒவ்வொன்றாகக் களைந்தனர். நோயாளி வழியில் இருக்கும்போதே வண்டிப் பணியாளர் தொலைபேசியில் அறிவித்தனர். மருத்துவர் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்து, சோதனைகளுக்கும் முன்னரே ஆணையிட்டார். படக்கருவி அவசரப் பிரிவுக்கே இடம் மாறிற்று. வண்டியின் தள்ளுகட்டிலோடு நோயாளி நேரே அங்கே சென்றார். பக்கவாத மருத்துவரே படத்தைப் படித்தார். படமேசையின் மீதே மருந்து ஏறிற்று. 2003இல் 60 நிமிடம். 2011இல் 20 நிமிடம். ஒரு நாழிகைகூட இல்லை! இவ்வெற்றியில் புதிய கண்டுபிடிப்பு என்று எதனையும் சுட்ட முடியாது. செய்யும் வேலைகளின் வரிசை மாறிற்று, காத்திருப்பு ஒழிந்தது. ஒரு வேலை முடிந்தே அடுத்ததைத் தொடங்குவது என்னும் அலுவலக வழக்கம் எத்துணை மூளைகளைத் தின்றதோ!

மருத்துவமனைக்குள் மிச்சமாகிய நேரம் வழியில் வீணாகலாமா? செருமனியின் ஹோம்பர்க் நகரில் கிளவுஸ் பாஸ்பெண்டர் குழுவினர் படக்கருவியையே வண்டியில் ஏற்றி 2008 முதல் நோயாளியின் இல்லத்துக்கு ஓட்டினர். அழைப்பு வந்தது முதல் மருத்துவ முடிவு எடுக்கும் வரை பழைய முறையில் 76 நிமிடம் ஆக, வண்டி முறையில் 35 நிமிடமே ஆயிற்று என 2012இல் அறிவித்தனர்.

எஞ்சியது ஒரு கூட்டம்: நலமாக உறங்கி, விடியலில் கை அசையாமல் எழுவோர். நோய் எப்போது தொடங்கிற்று என்று யாரும் சொல்ல முடியாததால் அவர்கட்கு மருந்து மறுக்கப்பட்டு வந்தது. காந்தப் படத்தில் ஒருவகையில் கேடு தெரிந்து, மற்றொரு வகையில் இன்னும் தெரியாதிருந்தால், நோய் தோன்றி நாலரை மணி நேரம் ஆகியிருக்காது என்று ஐரோப்பிய மருத்துவர் கருதினர். அவ்வாறு தேர்ந்த 503 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 53 பேரும், பெறாதவருள் 42 பேரும் மூன்று திங்களில் நன்கு தேறியிருந்தனர்.