காற்றை நாடும் கண்

மூக்குக் கண்ணாடி அணிவதற்குப் பதிலாக விழியின் மீதே ஒரு வில்லையைப் பொருத்திக்கொண்டால் என்ன? இவ்வெண்ணத்திற்கு முதன்முதல் உருக்கொடுத்தவர்களுள் ஒருவர், ஜூரிச் நகரில் பணியாற்றிய அடால்ஃப் ஃபிக் என்னும் கண் மருத்துவர். 1888ஆம் ஆண்டில் தம் சோதனைகளை அவர் வெளியிட்டார். கண்ணாடியாலான வில்லைகளை முதலில் முயல்களுக்கும், பின்னர் தமக்கும் பொருத்திப் பார்த்தார். சில மணி நேரத்திற்குள் பார்வை புகை படிந்தாற்போல் மங்கிற்று. மறு ஆண்டில், ஜெர்மனியின் கீல் நகரில் ஆய்வேடு அளித்த அகஸ்ட் முல்லர், தாம் அணிந்த வில்லையை அரை மணி நேரமே தாங்க முடிந்தது.

இம்மங்கலின் காரணத்தை அறிய, கண்ணின் அமைப்பை நோக்க வேண்டும். கண்ணின் முன்புறத்தில், ஒளி புகும் கார்னியா என்னும் படலம் உள்ளது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே, அதன் மேற்பரப்பு உயிரணுக்கள் தமக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து பெறுகின்றன. ஐந்தாறு அடுக்குகளாயுள்ள இவ்வுயிரணுக்கள் அடியில் தோன்றி, மேலேறி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் உதிர்கின்றன. நெருங்கிப் பின்னிய இவ்வடுக்குகளே கிருமிகளைத் தடுக்கும் அரண்.

1952இல் ஸ்மெல்ஸர், ஓஸானிக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், கார்னியாவின் தெளிவுக்குக் காற்றிலுள்ள பிராணவாயு இன்றியமையாதது என்று மெய்ப்பித்தனர். அது கிட்டாதபோது கார்னியா வீங்கி, தெளிவு குன்றும். ஃபிக் கண்ட புகைமூட்டத்திற்கு அறுபதாண்டுகளுக்குப் பின்னர் விளக்கம் கிடைத்தது.

1961இல் செக்கோஸ்லோவாக்கிய வேதியியல் அறிஞர் ஒட்டோ விக்டர்லே, சிறுவர் விளையாட்டுப் பொருள்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு பொறியமைத்து, மென்மையான வில்லைகளை வார்த்தார். கண்ணில் உறுத்தாததால் காலப்போக்கில் பலர் அவற்றை அணிந்தவாறே உறங்கலாயினர். 1981இல் அமெரிக்க அரசு, சிலவகை வில்லைகளை முப்பது நாள் வரை இடைவிடாது அணிய அனுமதித்தது.

உறுத்தல் இல்லாமையே ஏமாற்றிற்று. 1985இல் பிரையன் ஹோல்டனும் அவர்தம் குழுவினரும், ஒரு கண்ணில் மட்டும் பல்லாண்டு வில்லை அணிந்த 27 பேரை ஆராய்ந்து, அக்கண்ணின் மேற்பரப்பு அடுக்கு மெலிந்து, பிராணவாயு கொள்ளும் ஆற்றலும் குறைந்திருக்கக் கண்டனர். உயிரணுக்கள் உதிர்ந்து புதுப்பிக்கப்படும் வேகமும் தளர்வதைப் பிற ஆய்வுகள் காட்டின. அரண் தளர்ந்தால் கிருமி நுழையும்; புண் ஆறினும் தழும்பு பார்வையை மறைக்கலாம். 1989இல் முப்பது நாள் வரம்பு ஏழு நாளாகக் குறைக்கப்பட்டது.

இந்நூற்றாண்டில் பரவியுள்ள சிலிக்கோன் கலந்த வில்லைகள் பிராணவாயுவைத் தாராளமாகச் செல்ல விடுகின்றன. எனினும், அணிந்தவாறே உறங்குவதால் நேரும் கிருமித் தொற்று முற்றிலும் அகலவில்லை. ஆகவே நேயர்கள், இரவில் வில்லையைக் கழற்றி வைப்பதை வழக்கமாகக் கொள்ளவேண்டும். கண் சிவந்தாலோ வலித்தாலோ, வில்லையை உடனே அகற்றி மருத்துவரை நாடுதல் நலம்.