ஒரே பந்தி

மாணவன் என்ன உண்கிறான் என்று கேட்பது மருத்துவர் வேலை. எவரோடு உண்கிறான் என்று கேட்பது நம் வேலை. கணக்கும் இலக்கணமும் மறந்துபோகலாம். பந்தியில் 'நீ அங்கே உட்கார்' என்று சொன்ன சொல் மறக்குமா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பார்ப்பனரல்லாதார் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை நாடிச் சென்னைக்கு வந்தனர். கல்லூரிக் கதவு திறந்தது; உண்டிச்சாலைக் கதவு திறக்கவில்லை. கையிலே காசு இருந்தது. வயிற்றிலே பசி இருந்தது. வாயிலிலே சாதி நின்றது! தங்க இடமும் உண்ணச் சோறும் இன்றி அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு மனம் நொந்தவர் டாக்டர் நடேசனார். 1916இல் திருவல்லிக்கேணியிலே அவர் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை நிறுவினார். அதே ஆண்டின் இறுதியில்தான் நீதிக்கட்சி அரும்பிற்று. மேடை முழக்கத்துக்கு முன்னே அடுப்பு எரிந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கல்லூரிக்கு வெளியேயும் இதே கதைதான். நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம், தேசியக் கல்வி தருவதற்கென்று எழுந்தது. தமிழ்நாடு காங்கிரசு அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி, ஐயாயிரம் தந்தது. பொதுப்பணத்தில் நடந்த அந்தப் பள்ளியில் பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி! அங்குப் பயின்ற ஓமந்தூராரின் மகன் தந்தையிடம் சென்று சொன்னதே செய்தி வெளிப்பட வழியாயிற்று என்பர். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் வெகுண்டெழுந்தனர். தேசம் ஒன்று என்று பாடம் சொல்லி, இலை இரண்டு என்று பரிமாறுவது எந்த அறம்? 1925 நவம்பரில் காஞ்சி மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அன்று முன்நின்ற காரணம் வகுப்புரிமைத் தீர்மானம்; ஆயினும் அந்தப் பிளவுக்கு நிலம் உழுதது குருகுலத்துப் பந்தியே.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1943இல் கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியில் சோறு மட்டுமன்று, தண்ணீரும் சாதி பார்த்தது. பார்ப்பன மாணவர்க்கு ஒரு பானை, மற்றவர்க்கு ஒரு பானை. காவிரி ஒன்று, பானை இரண்டு! அந்த அநீதியை எதிர்த்த இளைஞர்களின் கொதிப்பிலிருந்து திராவிட மாணவர் கழகம் பிறந்தது. ஒரு குவளைத் தண்ணீர் ஓர் இயக்கத்துக்கு ஊற்றாயிற்று.

இன்று விடுதிகளில் இட்டலியும் உண்டு, சப்பாத்தியும் உண்டு, பிரியாணியும் உண்டு. உணவு பலவகையானது நன்றே. ஆயின் பந்தி ஒன்றாகி விட்டதா? 2018இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உணவு விடுதியொன்றில், சைவ உணவினர்க்கெனத் தனி வாயிலும் தனிக் கைகழுவுமிடமும் காட்டும் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அவை அகற்றப்பட்டன. 2023இல் மும்பைத் தொழில்நுட்பக் கழகத்திலே சைவ உணவினர்க்கெனத் தனி மேசைகள் ஒதுக்கப்பட்டன; அதை எதிர்த்த மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம்! பழைய பலகை 'பிராமணாள்' என்றது. புதிய பலகை 'சைவம்' என்கிறது. எழுத்து மாறியது, கை காட்டும் திசை மாறவில்லை.

புலால் வேண்டாதவர் வாயில் புலாலைத் திணிக்க நாம் சொல்லவில்லை. அவரவர் உணவு அவரவர் உரிமை. ஆனால் அடுத்தவன் தட்டிலுள்ள மீனைக் கண்டு விலகி அமரும் உரிமைக்கு ஒரு நிறுவனம் வாயிலும் மேசையும் அமைத்துத் தருமாயின், அது சுவையைப் பேணுவதன்று, தீட்டைப் பேணுவதாகும்.

மாணவத் தோழர்களே! உங்கள் தட்டில் உணவு பலவாகட்டும். உங்கள் பந்தி மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். நடேசனார் ஏற்றிய அடுப்பு அணையாதிருக்க அதுவே வழி.