வண்டி மையும் ஜீப் கிரீஸும்

1960 ஏப்ரல் 1-ல திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டு நம்ம பக்கம் வந்துச்சு. எல்லை மாறுச்சே தவிர நந்தியாத்துச் சேறு மாறல :-)

அந்தச் சேத்துல மாட்டுவண்டி எப்படி ஓடுச்சு? வெளக்கெண்ணெயில வைக்கோல் கரியைக் குழைச்சா வண்டி மை ரெடி. கடையாணியைக் கழட்டி, சக்கரத்தை வெளிய இழுத்து, அச்சுல தடவுவாங்க. தண்ணியைத் தடுக்க மூடியெல்லாம் கிடையாது. கழுவிட்டுப் போனா மறுபடி தடவணும், அவ்ளோதான். அச்சு முறியற பயம் இன்னும் பழசு: புறநானூறு 102-ல ஔவையார், உப்பு வணிகர்கள் வண்டிக்கடியில கட்டி வெச்ச சேம அச்சைச் சொல்றார். அந்தக் கால ஸ்டெப்னி!

1898-ல அமெரிக்காவுல டிம்கன் டேப்பர் ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப்போர் வில்லீஸ் ஜீப் சக்கரத்துல இருந்தது அந்த வகைதான், கூடவே ஆயில் சீல். ஆனா சீலை மட்டும் நம்பக்கூடாதுங்க. ஓடிச் சூடான ஹப்பை ஆத்துல இறக்கினா, உள்ள இருக்கற காத்து சட்டுனு சுருங்கி, சீல் இடுக்கு வழியா தண்ணியையும் சேத்தையும் உறிஞ்சிடும். கிரீஸ் பால் மாதிரி வெளுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், இறுகிப்போச்சுன்னா சக்கரமே கழண்டுக்கலாம். அதனால இறங்கறதுக்கு முன்னாடி ஹப்பை ஆறவிடணும். ஆழமான தண்ணியைத் தாண்டினதும் கழட்டித் துடைச்சு, புது கிரீஸ் அடைக்கணும். வண்டிக்காரர் செஞ்ச அதே வேலை!

உங்க ஊர்ப்பக்கம் வண்டி மைக்கு வேற எண்ணெய்னா சொல்லுங்க.