போட்லியார் நூல்நிலையம்

ஒரு நூலின் பாடத்தை ஆராய்ந்து துணியப் புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது, அந்நூல் வைத்த இடத்தே இருத்தலாம். இஃது எளிய செய்திபோலத் தோன்றினும் இதன் அருமை ஏடு தேடி அலைந்தார்க்கே புலனாகும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்ட் சருவகலாசாலையின் நூல்நிலையம் இவ்வொன்றனைக் காத்துநின்ற வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுவாம். திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி. யு. போப்பையர் தம் முதுமையில் தமிழ் கற்பித்த இடம் அதுவேயாதலின், அவ்வூர்ப் பெயர் அன்பர்கட்குப் புதிதன்று.

ஹம்பிரி என்னும் கோமகனார் நல்கிய கையெழுத்துச் சுவடிகளுக்கென அமைந்த மண்டபம் 1488-ல் திறக்கப்பெற்றது. ஆறாம் எட்வர்ட் மன்னன் காலத்துச் சமயப்பூசலில், 1550-ஐ அடுத்து, அரசாணையோடு வந்தோரால் அச்சுவடிகள் சிதறுண்டன. 1556-ல் வெறும் பலகைகளும் விலைபோயின. பின்னர் நாற்பதாண்டுக்கு மேல் அஃது நூலின்றிக் கிடந்தது. தூதுவராயிருந்து ஓய்வுற்ற தாமஸ் போட்லி என்பார் 1598-ல் தம் பொருள் கொண்டு அதனைப் புதுக்க முன்வந்து, 1602 நவம்பர் 8-ல் திறப்பித்தார். தாமஸ் ஜேம்ஸ் என்பவர் முதற் காப்பாளரானார். 1605-லேயே நூற்பட்டி அச்சேறியது. பட்டியில்லாத நூல்நிலையம் ஆராய்வார்க்குப் பூட்டிய பெட்டியே யன்றோ? 1610-ல் இலண்டன் புத்தக வணிகர் சங்கத்தாரோடு செய்த உடன்பாட்டினால், அச்சங்கத்திற் பதிவாகும் நூல்களில் ஒவ்வொரு படி விலையின்றி வரலாயிற்று.

நூலை எவர்க்கும் இரவல் ஈதல் கூடாதென்பது அங்குள்ள விதி. பெரு நூல்கள் சங்கிலியாற் பிணிக்கப்பெற்றிருந்தன. நெருப்புக் கொணர்தல் கூடாதென்று படிப்போர் உறுதிமொழி கூறல் வேண்டும். விளக்கும் கணப்புமின்றிப் பகலொளியிலேயே நெடுங்காலம் படித்தனர். குளிர்நாட்டில் அஃது எளிதன்று. 1645-ல் முதலாம் சார்லஸ் மன்னன் ஒரு வரலாற்று நூலைக் கேட்டு விடுத்தபோது, காப்பாளர் ஜான் ரௌஸ் விதியேட்டினைக் காட்டி மறுத்தார், மன்னனும் அதற்கிசைந்தான். 1654-ல் நாட்டை ஆண்ட கிராம்வெல் ஒரு சுவடி கேட்க, அவர்க்கும் அவ்விடையே கிடைத்தது.

இளமையில் ஒரு நூல்நிலையத்தார் எனக்கு இரவல் மறுத்தபோது யான் பெரிதும் சினந்தேன். பின்னர் என் ஆசிரியர் வழிவந்த உரையேடொன்றை அறிஞர் ஒருவர் கேட்க, மறுக்க நாணி ஈந்தேன். அவரும் மறைந்தார், ஏடும் மறைந்தது. அதிற்கண்ட பாடவேறுபாடுகளில் என் நினைவிலிருப்பன ஏழெட்டே. அவற்றையும் சான்றாகக் காட்டல் இயலாது. மறுத்தவர்மீது கொண்ட சினம் அன்றே ஒழிந்தது.

விதி வலிதாயினும் மதிப்பீடு பிழைத்தலுண்டு. நாடகநூல்கள் தம் நூல்நிலையத்திற்கு இழுக்கென்று கருதியவர் போட்லி. அவர் 1613-ல் இறந்தபின், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதற்றொகுதி, 1623-ல் அச்சானது, உடன்பாட்டின்படி வந்து கட்டடமும் பெற்றது. 1664-ஐ ஒட்டிப் புதிய பதிப்பு வந்தமையாற்போலும், பழையது வேண்டாததென விலக்கப்பெற்றது! 1905-ல் மாணவர் ஒருவர் தம் வீட்டிலிருந்த பழம்படியொன்றைக் காட்டக் கொணர்ந்தார். கட்டடத்தைக் கொண்டு அஃது அப்படியே யென்று துணிந்தனர். அமெரிக்கச் செல்வர் ஒருவர் 3,000 பவுன் தர முன்வந்தமையின், பலரிடம் பொருள் திரட்டி 1906-ல் அவ்விலைக்கே மீட்டனர். இலவசமாய் வந்த நூல்!

இன்று அங்குள்ள அச்சுநூல்கள் 1 கோடியே 30 இலட்சத்திற்கும் மேற்பட்டன. பெரும்பகுதி ஸ்விண்டன் நகரின் அயலிலுள்ள பண்டகசாலையில் இருக்கின்றது. ஆராய்வார் கணினியிற் பட்டியைத் தேர்ந்து முன்னரே கேட்டுவைப்பின், நூல் வண்டியேறிப் படிப்பறைக்கு வந்து சேரும். அயலாரும் தக்க காரணங் காட்டி இசைவுபெறலாம். அவ்வாறு புதியராய்ப் புகுவார் நெருப்புக் கொணரேன் என்னும் அவ்வுறுதிமொழியை இன்றும் வாய்விட்டுப் படிக்கின்றனர்.