வாசனையும் ஐதீகமும்

குளியலறையில் வெந்நீர் தெறிக்கும் மூலையில் ஒரு வெள்ளை வில்லையை வைக்கிறோம். ஈரம் பட்டதும் நுரைத்துக் கரைகிறது. கரையக் கரைய யூகலிப்டஸும் புதினாவும் கலந்த ஒரு நெடி ஆவியோடு எழுந்து முகத்தில் படுகிறது. ஷவர் டாப்லெட் என்று இதற்குப் பெயர். மேல்நாட்டுக் குளியலறைக்கென்று ஏற்பட்ட சாமான்தான் என்றாலும், பக்கெட்டும் குவளையுமாகக் குளிக்கிற வீடுகளிலும் இப்போது செய்துகொள்கிறார்கள். என் அக்கா செய்கிறாள். சமையல் சோடா இரண்டு பங்கு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருகிற சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு. நாட்டு மருந்துக் கடைப் புதினா உப்பைத் தைலத்தில் கரைத்துச் சில சொட்டு விட்டு, உள்ளங்கையில் பிடித்தால் உதிராமல் நிற்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, பழைய ஐஸ் தட்டில் அழுத்தி ஒரு நாள் உலரவிடுகிறாள். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினாலும் தட்டிலேயே பொங்கி வீணாகிவிடும். மழைக்காலத்தில் காற்றின் ஈரமே போதும், வில்லை உப்பி வெடித்துவிடுகிறது.

அம்மாவுக்கு இருபது வருஷமாக இழுப்பு. சென்ற ஐப்பசி மழையில் அக்கா இந்த வில்லையை வைத்து அவளைக் குளிக்க வைத்தாள். வெளியே வந்த அம்மா, "மூக்கு நல்லா தொறந்துடுச்சுடா, மருந்தே வேணாம் போல" என்றாள். வேண்டாம் என்றே இருந்துவிட்டாள். இரண்டு நாள் இன்ஹேலரைத் தொடவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்குத் தலையணையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த நிலையில் மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து விடிவதற்குள் சரியாகிவிட்டது. ஆனால் அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. மூக்கு திறந்ததாக அவள் உணர்ந்தது உண்மை. அந்த உணர்விலிருந்து அவள் தாவிய முடிவுதான் தவறு. இந்தத் தாவலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் நுரையைப் பார்க்கலாம். 'வீட்டில் செய்தது, இயற்கையானது' என்று இந்த வில்லையைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி இந்த நுரையின் மேல்தான் நிற்கிறது. சோடாவை எந்த வீடும் செய்வதில்லை. உப்பு, சுண்ணாம்புக்கல், அம்மோனியா இவற்றைக் கொண்டு அதை மலிவாக உற்பத்தி செய்யும் முறைக்கு பெல்ஜியத்தின் எர்னஸ்ட் ஸோல்வே 1861இல் உரிமம் பெற்றார். சிட்ரிக் அமிலத்தை எலுமிச்சைச் சாற்றிலிருந்து 1784இல் முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனின் ஷீலே. அதற்குப் பிறகு நெடுங்காலம் அது இத்தாலிய எலுமிச்சைத் தோட்டங்களை நம்பியே இருந்தது. கறுப்புப் பூஞ்சணம் ஒன்றைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் அந்த அமிலம் ஏராளமாகக் கிடைக்கும் என்று ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க ரசாயனவாதி 1917இல் காட்டினார். இரண்டு வருஷத்தில் ஃபைஸர் கம்பெனி அதைத் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. இன்று நாம் எலுமிச்சை உப்பு என்று வாங்குவதில் பெயரைத் தவிர எலுமிச்சை எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்து மாத்திரையாக்கி வயிற்றுக் கோளாறுக்கும் தலைவலிக்கும் விற்றது 1931இல் வந்த ஆல்கா செல்ட்ஸர். அந்த மாத்திரை கரைவதைப் பார்த்துத்தான், 1989இல் இங்கிலாந்தின் பூல் நகரத்தில் மோ கான்ஸ்டன்டைன் என்ற பெண்மணி, தோட்டத்துக் கொட்டகையில் குளியல் தொட்டிக்கான நுரைக்கும் உருண்டையைச் செய்தார். அக்காவின் வில்லை அந்த உருண்டையின் வம்சம்.

இதைச் சொல்வது வில்லையைக் குறை சொல்வதற்காக அல்ல. தொழிற்சாலைச் சரக்கு என்பதால் ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. நுரைக்கும்போது வருவது கரியமில வாயு. அது வாசனையைக் கிளப்பிவிடுகிறது, அதற்குமேல் எதுவும் செய்வதில்லை. இவ்வளவும் கண்முன் நடக்கிற, யாரும் சந்தேகிக்க வேண்டாத ரசாயனம். ஐதீகம் தொடங்குவது வாசனையில்தான்.

'அரோமாதெரபி' என்ற சொல்லுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. ரெனே மோரிஸ் கட்டஃபோஸே (1881 – 1950) பிரான்ஸில் லியான் நகரத்து ரசாயனவாதி. வாசனைத் திரவிய வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் கை வெந்துவிட்டது, அருகிலிருந்த லாவெண்டர் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தண்ணீர் என்று நினைத்து அதில் கையை விட்டார், வலி மாயமாக மறைந்தது, தழும்பில்லாமல் ஆறியது, அரோமாதெரபி பிறந்தது. ஆங்கிலத்தில் இந்தத் துறை பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் இந்தக் கதை ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி வரும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. தற்செயல், வலி, உடனடி நிவாரணம் – ஒரு ஸ்தல புராணத்துக்கு வேண்டிய அங்கங்கள் அனைத்தும் இதில் இருக்கின்றன.

பாங்கில் என் பிழைப்பு, வருகிற கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்தக் கதையையும் அப்படி ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் கட்டஃபோஸேயே 1937இல் வெளியான தம் புத்தகத்தில் நடந்ததை எழுதியிருக்கிறார். விபத்து நடந்தது 1910இல். ஆய்வுக்கூடத்தில் ஒரு வெடிப்பு. எரியும் திரவம் அவர் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வெளியே ஓடிப் புல்தரையில் புரண்டு அதை அணைத்தார். லாவெண்டர் வந்தது அதற்குப் பிறகு, இரண்டு கைகளிலும் காங்கிரீன் என்ற தசையழுகல் வேகமாகப் பரவத் தொடங்கியபோது. லாவெண்டர் எண்ணெயால் கைகளைக் கழுவியதும் அழுகல் நின்றது என்கிறார். பாத்திரத்தில் தவறிக் கைவிட்டதாக அதில் எதுவும் இல்லை. அவர் அந்த எண்ணெயைத் தெரிந்தே எடுத்தார். அது கிருமிகளைக் கொல்லும் என்று எதிர்பார்க்கிற பயிற்சி அவருக்கு இருந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. ஐதீகத்தில் இயற்கை தானாகவே முன்வந்து ஒருவனுக்கு அருள் புரிகிறது. மூலத்தில் ஒரு ரசாயனவாதி ஒரு பொருளை ஒரு குறிப்பிட்ட நோயின் மேல் பிரயோகித்துப் பார்க்கிறான். ஒரே ஒரு நோயாளி, அதுவும் அவனே. ஒப்பிட வேறொருவர் இல்லை. எனவே நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு அவதானம். மேலும் சோதிக்கலாம், தவறென்று காட்டலாம். ஐதீகத்தை என்ன செய்ய முடியும்? நம்பலாம், அவ்வளவுதான். அந்தப் பிரெஞ்சுப் புத்தகம் ஆங்கிலத்தில் முழுசாக வெளிவந்தது 1993இல். அதாவது ஐம்பத்தாறு வருஷ இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஆங்கில உலகில் அரோமாதெரபி வளர்ந்து, கடை விரித்து, தனக்கென்று ஒரு பரம்பரையைச் சொல்லிக்கொண்டது. மூலத்தைப் படிக்க முடியாதவர்களிடம் கதை தன்னிஷ்டத்துக்கு வளரும் என்பது நமக்குப் புதிய விஷயமல்ல. மேல்நாட்டு இலக்கிய இயக்கங்கள் எத்தனையோ இப்படித்தான் தமிழுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சொல் கைமாறிய வழியையும் பார்க்க வேண்டும். கட்டஃபோஸேக்கு அது ரசாயனம். இந்தோ சீனாவில் ராணுவ மருத்துவராக இருந்த ழான் வால்னே, 1964இல் அதே தலைப்பில் எழுதிய புத்தகத்தில் அது மருத்துவம்; எண்ணெய்கள் உள்ளுக்குக் கொடுக்கிற மருந்துகள். ஆஸ்திரியாவில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த மார்கரீத் மோரி அதை உடம்பில் தேய்த்துவிடும் கலையாக, இளமையைக் காக்கும் முறையாக மாற்றினார். அவருடைய புத்தகம் 1961இல் வந்தது. 1977இல் ராபர்ட் டிஸரண்ட் ஆங்கிலத்தில் எழுதியபோது, தலைப்பிலேயே அது 'கலை' ஆகிவிட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து அழகு நிலையம், கடைசியில் குளியலறை. ஒவ்வொரு படியிலும் எண்ணெயின் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் முதல் படியில் அதற்கிருந்த மருந்து என்ற கௌரவத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. நுரைத்துக் கரையும் பத்துச் சொட்டு வாசனை, 1910இன் வெந்த கைகளைச் சாட்சிக்கு அழைத்துக்கொள்கிறது.

நம்முடைய பங்கும் இதில் உண்டு. அக்கா ஊற்றுகிற தைலத்துக்கு நீலகிரித் தைலம் என்று பெயர். ஏதோ மலை மூலிகை போல ஒலிக்கிறது. மரம் ஆஸ்திரேலியாவினுடையது. 1843இல் நீலகிரிக்கு வந்தது. 1856இலிருந்து தோட்டம் தோட்டமாக நடப்பட்டது வாசனைக்காக அல்ல, வெள்ளைக்காரக் குடியிருப்புகளுக்கு விறகு தேவைப்பட்டதற்காக. சோலையும் புல்வெளியுமாக இருந்த மலையில் அது பரவி நின்றது. மலை மக்கள் அதைக் கற்பூர மரம் என்று அழைத்துத் தமதாக்கிக்கொண்டார்கள். இலையைக் காய்ச்சி எண்ணெய் இறக்குவதை ஆஸ்திரேலியாவில் 1850களிலேயே ஜோஸப் பொஸிஸ்டோ தொழிலாக்கிவிட்டார். அந்தத் தொழில் இங்கே செப்புக் கொப்பரைகளோடு சாலையோரக் குடிசைகளில் வேரூன்றியது. விறகுக்காக வந்த மரம் ஒரு நூற்றாண்டில் பாட்டி வைத்தியமாகிவிட்டது. பழமை என்று நாம் நினைப்பது சில சமயம் இரண்டு தலைமுறை மறதிதான்.

மறுபடியும் அம்மாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். மூக்கு திறந்தது என்றாளே, திறந்ததா? 1980களில் பிரிட்டனில் கார்டிஃபில் ரொனால்ட் எக்கல்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். மென்தாலை, அதாவது நம் புதினா உப்பை, முகர்ந்தவர்கள் காற்று தாராளமாகப் போகிறது என்றார்கள். மூக்கில் காற்றுக்குள்ள தடையைக் கருவியால் அளந்தபோது அது மாறவே இல்லை. காரணம் 2002இல் இன்னும் தெளிவாயிற்று. குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகளில் ஒரு புரதம் இருக்கிறது. மென்தால் அதே புரதத்தைத் தூண்டுகிறது. இதைத் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும், வெப்பத்தையும் தொடுகையையும் உடம்பு எப்படி அறிகிறது என்ற ஆய்வுகளுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிறையக் காற்று உள்ளே போகும்போது மூக்கு குளிர்கிறது. எனவே மூக்கு குளிர்ந்தால் நிறையக் காற்று போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. மென்தால் காற்றைத் தருவதில்லை, காற்று வந்ததன் அடையாளத்தை மட்டும் தருகிறது.

அம்மாவின் நோயோ மூக்கிலேயே இல்லை. மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதும், குழல்களின் உட்சுவர் வீங்குவதும்தான் இழுப்பு. 1969இலிருந்து புழக்கத்திலுள்ள ஸால்புடமால் அந்தத் தசையைத் தளர்த்துகிறது; அதற்கு வாசனை கிடையாது, குளிர்ச்சி கிடையாது, கதையும் கிடையாது. வில்லையின் நெடிக்கு வாசனையும் குளிர்ச்சியும் கதையும் உண்டு. தசை மட்டும் தளர்வதில்லை. போதாததற்கு, இழுப்பு உள்ள சிலருக்குக் கடுமையான நெடியே மூச்சைக் கட்டிவிடும்.

அப்படியானால் அனுபவம் பொய்யா என்று கேட்பார்கள். இல்லை. இந்த இடத்தில்தான் நம் விமர்சனத்தில் ஓயாமல் நடக்கும் குழப்பமும் இருக்கிறது. ஒரு கவிதை என்னை அசைத்தது என்பது ஒரு விஷயம். அது ஏன் அசைத்தது, அதனால் உலகத்தில் என்ன மாறிற்று என்று நான் சொல்வது வேறு விஷயம். முதலாவதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவதை எவரும் சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேண்டும். அனுபவத்தின் நிச்சயத்தை விளக்கத்துக்குக் கடன் கொடுத்துவிடுகிறோம். விளக்கத்தை யாராவது கேள்வி கேட்டால் நம் அனுபவத்தையே அவமதித்ததாகக் கோபப்படுகிறோம். அனுபவத்தை மறுக்கிற வறட்டு அறிவுவாதம் இதற்குப் பதில் அல்ல. அந்தக் குளியலில் அம்மாவுக்குக் கிடைத்த சுகம் நிஜம். அதன் எல்லைதான் அவளுக்குச் சொல்லப்படவில்லை.

எண்ணெய்களிலும் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. லாவெண்டர் எண்ணெய் சோதனைக் குடுவையில் கிருமிகளைக் கொல்வது உண்மைதான். யூகலிப்டஸ் தைலம் விழுங்கினால் குழந்தைகளுக்கு விஷம் என்பதும் உண்மைதான். வேலை செய்கிற பொருள் என்பதாலேயே அதற்கு அளவும் இடமும் உண்டு. கட்டஃபோஸேக்கு இது தெரிந்திருந்தது. அவருடைய பெயரைச் சொல்லி விற்பவர்கள் விட்டுவிட்டதும் இதைத்தான்.

அந்த ராத்திரிக்குப் பிறகு அக்கா மிச்சமிருந்த வில்லைகளைக் குப்பையில் போடப் போனாள். அம்மாதான் தடுத்தாள். இப்போது மாடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் முதலில் இன்ஹேலர், டாக்டர் சொன்ன கணக்குப்படி. இழுப்பு இல்லாத நாட்களில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அரை வில்லை. வாசனை நன்றாக இருக்கிறது என்கிறாள் அம்மா. மூக்கு திறந்தது என்று இப்போது சொல்வதில்லை.